கன்னியம்மாவுக்குக் கிடைத்த மெமோ

கன்னியம்மாவைப் பற்றி எழுத வேண்டியவர்கள் எங்கள் கம்பெனி இன்ஜினீயர்கள். அவர்களுக்கு அடுத்தவர் பெயரை எழுதக் கை வராது. அதனால் ஸ்டோர்ஸ் கிளார்க்காக இருந்த நான் எழுதுகிறேன்.

அம்பத்தூர் எஸ்டேட்டில், பிளாஸ்டிக் வார்க்கும் மெஷின்களின் சூட்டைக் கட்டுப்படுத்தும் எலக்ட்ரானிக் பெட்டி செய்துகொண்டிருந்தோம். எண்பத்தெட்டில் கன்னியம்மா, ஈயம் உருக்கிப் பற்றவைக்கும் சால்டரிங் வேலைக்கு டெம்பரரியாக வந்தாள். பருத்திப்பட்டுக்காரி. அப்பா, அம்மா இருவரும் கழனிக் கூலி. பத்தாவது பாஸ். பர்மனென்ட் ஆகிவிட வேண்டும் என்பதுதான் அவளுடைய ஒரே ஆசை. ஆகவிடக் கூடாது என்பது கம்பெனியின் ஆசை. இடைவிடாமல் வேலை பார்த்தவளைச் சட்டப்படி பர்மனென்ட் ஆக்க வேண்டும் என்பதால், ஆறு மாதம் முடிய இரண்டு நாள் இருக்கும்போது வேலை இல்லை என்று வீட்டுக்கு அனுப்புவார்கள். அப்புறம் புதிதாக வந்தவள் மாதிரி பெயர் எழுதிச் சேர்த்துக்கொள்வார்கள். இப்படியே வருஷத்துக்கு இரண்டு முறை அவள் புதுசாகப் பிறந்துகொண்டிருந்தாள்.

பெட்டிக்குள் ஒரு சிப், அதற்குள் புரோகிராம். சென்சார் காட்டும் சூடு எவ்வளவு, அலாரம் எத்தனை முறை அடித்தது என்று ஒவ்வொன்றையும் அது நினைவகத்தில் தனித்தனி இடத்தில் வைக்கும். கோளாறு வந்தால் இன்ஜினீயர் வரதன் அந்த இடத்தின் அட்ரஸைத் தட்டி, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பார். எந்தப் பெயருக்கு எந்த அட்ரஸ் என்று நாற்பது பக்கத்துக்கு ஒரு பிரின்ட் உண்டு. புரோகிராமில் கை வைத்தால் அட்ரஸ்கள் நகர்ந்துவிடும், புதுப் பிரின்ட் எடுக்க வேண்டும். பிரின்டருக்கு மாதம் ஒரு ரிப்பனுக்கு மேல் கொடுக்காதே என்று எனக்கு உத்தரவு. நானும் பெரிய உத்தமன் மாதிரி கொடுக்க மாட்டேன்.

பிரின்ட்டைப் பார்த்துப் படித்துச் சொல்ல, வந்த புதிதிலேயே கன்னியம்மாவை வரதன் கூப்பிட்டார். ஒரே வருஷத்தில் அவளுக்குப் பிரின்ட்டே தேவைப்படவில்லை. சென்சார் எங்கே என்று கேட்டால், சால்டரிங்கிலிருந்து கண்ணை எடுக்காமல் "எட்டு ஜீரோ ஜீரோ ஆறு" என்பாள். தட்டிப் பார்த்தால் சரியாக இருக்கும்.

அட்ரஸ் நகர்ந்தால் அவள் மறுபடி மனப்பாடம் பண்ண வேண்டுமே என்று வரதனுக்குக் கவலை. அவள் சிரமத்தை நினைத்து இல்லை, அதுவரை தானே நாற்பது பக்கத்தையும் புரட்ட வேண்டியிருக்குமே என்றுதான். அதனால் எதைப் புதிதாகச் சேர்த்தாலும் கடைசியிலேயே சேர்ப்பது, பழையதை அசைப்பதில்லை என்று ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார். ஒரு கம்பெனியின் மொத்தப் புரோகிராமும் ஒரு டெம்பரரிப் பெண்ணின் தலைக்கு அளவெடுத்து எழுதப்பட்டது. அவளுக்கு அவர் ஒரு டீ வாங்கிக் கொடுத்துக்கூட நான் பார்த்ததில்லை.

தொண்ணூற்று நாலில் தரச் சான்றிதழ் கொடுக்க ஆள் வருவதாகச் சொன்னார்கள். வரதனுக்குத் திடீரென்று ஒழுங்கின் மேல் ஆசை வந்து, பெயர்களையெல்லாம் ஏ, பி, சி வரிசையில் அடுக்கிவிட்டார். அத்தனை அட்ரஸும் இடம் மாறின. கன்னியம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று அந்த மகானுக்குத் தோன்றவில்லை.

அடுத்த மாதம் பூந்தமல்லி பக்கெட் கம்பெனி ஒன்றிலிருந்து, புதுப் புரோகிராம் போட்ட பெட்டி ஒன்று கோளாறாகி வந்தது. வரதன் பழக்கதோஷத்தில் சென்சார் எங்கே என்று அவளைக் கேட்டார். அவளும் தனக்குத் தெரிந்த பழைய அட்ரஸைச் சொன்னாள். தட்டினால் பூஜ்யம். சென்சார் போர்டு செத்துப்போச்சு என்று மாற்றினார். மறுபடியும் பூஜ்யம். இப்படி இரண்டு நாளில் மூன்று போர்டு மாற்றினார். பக்கெட்காரர் வாசலில் நின்று எங்கள் எல்லோருடைய பரம்பரையையும் விசாரித்தார். மூன்றாம் நாள் புதுப் பிரின்ட் எடுத்துப் பார்த்தால், அந்த அட்ரஸில் இருந்தது அலாரம் அடித்த கணக்கு. அலாரம் ஒருமுறைகூட அடிக்கவில்லை, பூஜ்யம் காட்டாமல் வேறென்ன காட்டும்? உண்மையான கோளாறு ஒரு லூஸ் ஒயர்.

பழியை யார் தலையிலாவது கட்ட வேண்டும். பர்சனல் மேனேஜர் மணவாளன் கன்னியம்மாவுக்கு மெமோ கொடுத்தார். இங்கிலீஷில் இருந்த அதை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"இன்னாண்ணா எய்தி கீறாங்க? வேலய உட்டுத் தூக்கிடுவாங்களா?"

படித்தேன். தமிழில் சொன்னால், "கடந்த ஆறு ஆண்டுகளாக இடைவிடாது, நினைவக அட்ரஸ்களை இன்ஜினீயருக்குக் கூறும் பொறுப்பை வகித்துவரும் தாங்கள்" என்று ஆரம்பித்தது. குற்றம் பெரிதாகத் தெரியட்டும் என்று மணவாளன் தன் கைப்பட எழுதி, சீல் வேறு குத்தியிருந்தார். வருஷத்துக்கு இரண்டு முறை வீட்டுக்கு அனுப்பிக் கட்டிய கோட்டையை அந்த மனுஷனே இடித்துவிட்டார். எனக்கு வந்த சந்தோஷத்தில் ஸ்டோர்ஸ் கதவைச் சாத்திவிட்டுச் சிரித்தேன். அப்புறம் அவளுக்கு விளக்கிச் சொல்லி, நாலு ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்து, தொழிலாளர் அலுவலகத்துக்கு அனுப்பினேன். அங்கே இருந்த அதிகாரி மெமோவைப் படித்துவிட்டு மணவாளனுக்குப் போன் போட்டார்.

இரண்டு மாதத்தில் பர்மனென்ட் ஆர்டர் வந்தது. சால்டரிங் உதவியாளர் என்று போட்டிருந்தார்கள். அட்ரஸ் பற்றி அதில் ஓர் எழுத்து இல்லை. மணவாளன் அவளை உட்காரவைத்து, குரலில் தேன் தடவி, அந்த மெமோ அவளுக்குத்தான் கெட்ட பெயர், கொண்டுவந்து கொடுத்தால் கிழித்துப் போட்டுவிடலாம் என்றார். பக்கத்தில் நின்ற வரதனும் தலையை ஆட்டினார்.

கன்னியம்மா ஆர்டரை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்தாள்.

"தர மாட்டேன் சார். நா இங்க இன்னா வேல செஞ்சேன்னு நீங்க எய்திக் குடுத்த காயிதம் அது ஒண்ணுதான்."