அண்ணன் இடிக்க விடாத சத்திரம்

திருவரங்கத்தில், கொள்ளிடக் கரைக்குப் போகும் வழியில் எங்கள் பாட்டனார் கட்டிய சத்திரத்தின் பின்கட்டில் அண்ணன் அவர்கள் பிறந்தார்கள். சில ஆண்டுகள் கழித்து அதே அறையில் நான் பிறந்தேன். அவர்கள் மறைந்து ஓராண்டு நிறையும் இந்நாளில், அவர்கள் பெருமையைத் தங்கையே எழுத வேண்டும் என்று அண்ணி கேட்டுக்கொண்டார்கள். பெருமையை மட்டும் எழுத எனக்கு வராது. அண்ணன் மீது எனக்கு ஆயுள் முழுவதும் பொறாமை இருந்தது.

எந்த அறைக்குக் காற்று வரும், ஏகாதசிக் கூட்டத்தில் யாரை எங்கே தங்க வைக்கலாம் என்பதெல்லாம் அண்ணனைப் போலவே எனக்கும் தெரியும். அப்பா சாவிக்கொத்தை அண்ணனிடம் கொடுத்தார்கள். என்னை மணப்பாறையில் கட்டிக்கொடுத்தார்கள். அதன்பின் நான் வரும்போதெல்லாம் யாத்திரிகர் அறையில்தான் எனக்குப் பாய் விரித்தார்கள். பிறந்த இடத்திலேயே விருந்தாளியானேன்.

காவிரி பெருகிய ஆண்டில் ஆடிக்குத் தாய்வீடு வந்திருந்தேன். தண்ணீர் சத்திரத்துக்குள் புகுந்தபோது அண்ணன் பரிசல் தேடிப் போயிருந்தார்கள். பெண்களையும் பிள்ளைகளையும் மாடிக்கு ஏற்றியது நான். ஊர் கொண்டாடியது அண்ணனை.

அந்த வெள்ளத்தில் பின்கட்டு விழுந்தது. இடித்து விற்றுவிடும்படி உறவினர் எல்லாரும் சொன்னார்கள். அண்ணன் கேட்கவில்லை. விழுந்த செங்கற்களையே பொறுக்கிக் கழுவி, சுண்ணாம்பு அரைத்து, பழையபடியே கட்டினார்கள். மணப்பாறையில் இருந்துகொண்டு நான் சேதி மட்டும் கேட்டேன்.

யுத்த காலத்தில் ஒரு வியாபாரி, சத்திரத்தை இடித்துக் கிடங்கு கட்ட விலை பேசினார். அண்ணன் மறுத்ததால் பங்காளிகள் அவர்களோடு பேச்சை நிறுத்தினார்கள். தம் வீட்டுக் கூரை ஓடுகளை மாற்றாத அண்ணன் சத்திரத்துக்கு உத்திரம் மாற்றினார்கள். அப்போது அண்ணி என்னிடம், "எனக்கு முன்னாடியே இதைக் கட்டிக்கிட்டாரு. நான் ரெண்டாந்தாரம்தான்" என்றார்கள். எனக்கு இருந்த நோய் அவர்களுக்கும் இருந்தது என்று அன்று தெரிந்துகொண்டேன்.

என் கணவர் காலமானபின் இங்கேயே வந்துவிட்டேன். மூச்சிரைப்பு முற்றிய கடைசி நாட்களில் அண்ணன் முன்னறையில் படுத்து, வந்து இறங்குகிறவர்களின் குரலைக் கேட்டபடி இருந்தார்கள். ஒரு பகல் நான் கஞ்சி கொடுக்கும்போது சொன்னார்கள்:

"இது ஒங்கிட்ட வந்திருக்கணும். நீ இன்னும் நல்லா பாத்திருப்ப. எனக்குத் தெரியும். விட்டுக்கொடுக்க மனசு வரலை."

அந்தச் சொல்லுக்காகத்தான் இத்தனை காலம் காத்திருந்தேன். கேட்டதும், "கஞ்சி ஆறுது, குடிங்கண்ணே" என்றுதான் சொல்ல முடிந்தது.

கைவிடாமல் பார்த்த வைத்தியருக்கும், பின்கட்டைக் கட்டி நிறுத்திய கொத்தனாருக்கும், பேச்சு இல்லாதிருந்தும் தோள் கொடுக்க வந்த பங்காளிகளுக்கும், திருவெறும்பூரிலிருந்து நடந்தே வந்து துக்கத்தில் பங்கேற்ற உறவினருக்கும் எங்கள் குடும்பம் நன்றிக்கடன் பட்டிருக்கிறது.

இப்போது அண்ணியும் நானும் சத்திரத்தைப் பார்த்துக்கொள்கிறோம். வருகிற யாத்திரிகர்கள் அண்ணன் பெயரைச் சொல்லி, அவருடைய சத்திரம் இதுதானே என்று கேட்கிறார்கள். ஆமாம் என்று அறையைத் திறந்துவிடுகிறேன். சொல்லும்போது இன்னமும் சுருக்கென்கிறது.