அருவிக்குப் போட்ட திட்டத்தில் நான் எழுதாமல் விட்டது

அருவிக்குப் போவதென்று முடிவானதும் திட்டம் போடும் வேலை என் தலையில் விழுந்தது. போவது நாலு பேர்: நான், என் மனைவி, அவளுடைய தம்பி, அவன் மனைவி. மைத்துனன் தூத்துக்குடியில் சங்கு குளிக்கிறவன். நான் துறைமுகத்தில் லாரிகளை எடை போடும் இடத்தில் வேலை பார்க்கிறேன். பத்தாவது வரைதான் படிப்பு. கையெழுத்து மட்டும் நன்றாக இருக்கும்.

சங்குப் படகுகள் ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போகாது, அதனால் அன்றைக்கே போவது என்று வைத்தேன். மாதா கோயிலில் காலைப் பூசை முடித்துக் கிளம்பினால் நேரமாகிவிடும். சனிக்கிழமை மாலைப் பூசைக்கே எல்லோரும் போய்விட்டோம். மேற்கே மலையடிவாரம் வரை மூன்று மணி நேரம் வேனில். அங்கிருந்து, இரண்டு பக்கமும் பாறைச் சுவர் எழும்பிய இடுக்கில், ஓடையை ஒட்டி ஒரு மணி நேரம் நடை.

வனத்துறைச் சோதனைச் சாவடிக்குப் போன் செய்ய எனக்கு இரண்டு நாள் பிடித்தது. தெரியாதவர்களிடம் பேசுவதென்றால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். கேட்க வேண்டியதைத் தாளில் எழுதி, அதைப் பார்த்தே கேட்டேன். காவலர் பொறுமையாகச் சொன்னார். எட்டு மணிக்குள் வந்துவிட வேண்டும், இரண்டு மணிக்குள் வெளியே வந்துவிட வேண்டும், ரப்பர் செருப்பு கூடாது, வழுக்குப் பாறையில் ஏறக்கூடாது. கடைசியாக ஒன்று சொன்னார்.

“உச்சியில மழை பெஞ்சா கீழ உங்களுக்குத் தெரியாது. இங்கன வெயில் அடிக்கும். தண்ணி கலங்கிச்சுன்னா, பையக்கூட எடுக்காம மேட்டுல ஏறிருங்க.”

முதல் நான்கையும் குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டேன். கடைசியை விட்டுவிட்டேன். கடலில் எட்டுப் பாகம், ஏறக்குறைய ஐம்பது அடி, ஆழத்துக்குப் போய் வருகிறவனுக்குத் தண்ணீரைப் பற்றி நான் சொல்வதா என்று கூச்சமாக இருந்தது.

மைத்துனனிடமிருந்து குரல் பதிவு வந்தது. “யக்கா, அத்தான் கலெக்டர் மாதிரி உத்தரவு போடுதாவ. செருப்புக்குக்கூட சட்டம் இருக்கு!”

எட்டு மணிக்கு நடக்கத் தொடங்கி ஒன்பதுக்கெல்லாம் அருவியில் இருந்தோம். பெண்கள் கரையில் சாப்பாட்டைப் பிரித்தார்கள். மைத்துனன் ஓடையின் நடுவிலிருந்த பாறைக்குப் போய் அங்கிருந்து அருவி விழும் ஆழமான கசத்தில் பாய்ந்து பாய்ந்து குளித்தான். பதினொரு மணி இருக்கும், தண்ணீர் மெல்லப் பழுப்பாக மாறியது. சருகுகள் மிதந்து வந்தன. எங்கள் தலைக்கு மேல் வானம் நீலமாகத்தான் இருந்தது.

அவன் குளிப்பதை நிறுத்திவிட்டுப் பாறையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான்.

“மாப்ளே, கரைக்கு வாரும்” என்றேன். அருவிச் சத்தத்தில் அது எனக்கே கேட்கவில்லை. இன்னும் உரக்கக் கூப்பிட்டேன்.

“கலங்கியிருக்கு அத்தான்! தெளியட்டும், இன்னொரு முக்கு போட்டுட்டு வாரேன்.”

என் மனைவி சிரித்தாள். “உங்க சத்தத்துக்குக் கோழிகூட திரும்பாது.”

பக்கத்தில் வேறு ஊர்க்காரர்கள் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். அதையெல்லாம் பார்க்காமல் முழங்கால் அளவு தண்ணீரில் இறங்கி, “ஏலே! எந்திச்சு வாலே! இப்ப வா!” என்று கத்தினேன். கல்யாணமாகி இருபது வருடத்தில் அவனை நான் ‘ஏலே’ என்று கூப்பிட்டதில்லை. அவன் திகைத்து எழுந்து வந்தான். அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மேட்டில் ஏறினேன். பெண்களும், அந்த ஊர்க்காரர்களும் பின்னாலேயே ஏறினார்கள். திரும்பிப் பார்த்தபோது அவன் உட்கார்ந்திருந்த பாறை இல்லை. எங்கள் சாப்பாட்டுத் தூக்குச்சட்டி வெள்ளத்தில் உருண்டு போனது.

வெள்ளம் வடிந்து இறங்கி வந்த பிறகு வேனில் மைத்துனன் கேட்டான். “எப்படித் தெரிஞ்சுது அத்தான்?”

காவலர் சொன்னதையும், நான் அதை எழுதாமல் விட்டதையும் சொன்னேன். உனக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்தேன் என்றேன்.

“எனக்கு எப்படித் தெரியும்? கடல்ல கலங்குனா படகுல உக்காந்து தெளியட்டும்னு பாப்போம். அதத்தான் செஞ்சேன்.”

அவன் மனைவி அவனுடைய ஈரச் சட்டையைப் பிடித்தபடியே இருந்தாள். என் மனைவிதான் கேட்டாள்.

“ஒரு வரி எழுத அப்படி என்ன வெக்கம் உங்களுக்கு?”

வீடு வரும்வரை அவள் என்னோடு பேசவில்லை. பேசாதது சரிதான் என்று எனக்கும் பட்டது.