பொன்னேரியில் நான் எள்ளிய சோறு

கடம்பத்தூரில் மறுநாள் நடக்கவிருந்த கூட்டத்தைப் பற்றி அதன் அமைப்பாளர் கைப்பேசியில் என்னோடு பேசிக்கொண்டிருந்தார். "ஐயா, உங்களோட எத்தினி பேரு வராங்க? மதியத்துக்குப் பிரியாணி சொல்லணும். சகாயம் அண்ணன் வராரா?" வருவார் என்றேன். அதைச் சொல்லி முடிப்பதற்குள் இன்னோர் அழைப்பு வந்தது. சகாயராசுவின் மனைவி அமலி.

"அண்ணா, அவரு போய்ட்டாருண்ணா. ஷிப்டுக்குக் கெளம்பினாரு. ஷூ மாட்ட உக்காந்தவரு எழுந்துக்கல. நாளைக்கிப் பத்து மணிக்கு எடுக்கறோம். உங்களுக்கு மீட்டிங் இருந்தா முடிச்சுட்டே வாங்க."

இறுதிச் சொற்களில் குத்தல் ஏதுமில்லை. அந்தக் குடும்பம் பல ஆண்டுகளாக என் கூட்டங்களுக்கு ஏற்பவே தன் நல்லது கெட்டதுகளை அமைத்துக்கொண்டது. கணவர் இறந்த காலையிலும் அமலிக்கு அந்தப் பழக்கம் விடவில்லை. நான் கடம்பத்தூருக்குப் போகவில்லை. ஆனால், போகாமலிருந்ததை ஒரு பெருமையாக இங்கே எழுத எனக்குத் தகுதியில்லை. ஏன் என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

சகாயராசுவை அறிந்த தோழர்களே, நான் சொல்லப்போவதில் பாதி உங்களுக்குத் தெரியும். மறுபாதி என்னோடு புதைந்துவிடக் கூடாது. கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில், இரும்புக் கம்பி உருட்டும் ஆலை ஒன்றில் அவர் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் உழைத்தார். நம் தமிழ் மன்றத்தின் செயலாளராக இருந்தார். எளாவூர் முதல் திருவள்ளூர் வரை, நான் பேசிய ஊர்களுக்கெல்லாம் தம் பழைய மகிழுந்தில் என்னை ஏற்றிச் சென்றார். அவருடைய பெயரைத் தூய தமிழாக்கித் 'துணையரசன்' என்று அழைப்போமா என்று ஒருமுறை கேட்டேன். "கூப்டுங்கண்ணா, எனக்கு இன்னா. ஆனா ரோட்டுல அந்தப் பேரச் சொல்லிக் கூப்டா, நா திரும்பணுமா வேணாமான்னு எங்க ஊட்டுக்காரம்மாவக் கேட்டுத்தான் திரும்புவேன்" என்றார். அந்த முயற்சியை அன்றே கைவிட்டேன்.

ஐந்தாண்டுகளுக்கு முன் ஒருநாள், செந்தழலாகக் கம்பி ஓடும் இடத்திற்கு நான்கடி தொலைவில் மயங்கி விழுந்தார். நீரிழிவு, குருதி அழுத்தம் இரண்டும் முற்றியிருந்தன. மருத்துவர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார்: கடைச் சோற்றையும் விருந்துச் சோற்றையும் விட வேண்டும், உப்பையும் எண்ணெயையும் குறைக்க வேண்டும், இல்லையேல் இதயம் தாங்காது. ஆலை உணவகத்துப் பூரியும், நெடுஞ்சாலைக் கடைப் பரோட்டாவும், ஞாயிறுதோறும் பிரியாணியுமாக இருந்தவர் அன்று மாலையே வீட்டு அடுப்பின் முன் நின்றார். அமலி வேறொரு தொழிற்சாலைக்கு விடியற்காலைப் பேருந்தைப் பிடிப்பவர். எனவே இவரே ஆக்கக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது.

முதல் வாரம் முருங்கைக்கீரையைக் கறுக்கும்வரை வேகவைத்தார். அமலி எட்டிப் பார்த்து, "இது கீரையா, மில்லுல மெஷினு தொடச்ச துணியா?" என்றாராம். இவர் அதை முழுவதும் உண்டுவிட்டு, "துணிக்கு உப்பு கம்மி" என்றாராம். இரண்டு மாதங்களில் கை பழகிவிட்டது. சுரைக்காய்க் கூட்டு, வேகவைத்த காராமணி, கேழ்வரகு அடை, ஒரு கரண்டி புழுங்கலரிசிச் சோறு, நீர்மோர். இவ்வளவுதான். தனியாக எந்த மாவும், எந்தப் பொடியும் அவர் வாங்கவில்லை. "ஊட்ல ஆக்கினதா இருக்கணும், உள்ள இன்னா கீதுன்னு கண்ணுக்குத் தெரியணும், அதுக்குப் பேரு சொல்லத் தெரியணும். அப்டி இருந்தா துன்னலாம்ணா. மத்ததெல்லாம் பேஜாரு" என்பார்.

ஓராண்டில் உடல் இளைத்தது. இடைவாரில் தாமே ஆணியால் இரண்டு துளைகள் போட்டுக்கொண்டார். ஆலையில் மிதிவண்டிக் கொட்டகையின் ஓரத்தில் அவரோடு எட்டுப் பேர் வீட்டுச் சோற்றைத் திறந்து உட்காரத் தொடங்கினார்கள். மருத்துவர் ஒரு மாத்திரையைக் குறைத்தார். அந்தச் சீட்டை எனக்குக் காட்டுவதற்காகவே ஒருநாள் பணி முடிந்து திருவள்ளூரில் என் வீடு வரை வந்தார்.

இங்கே என்னைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எனக்கும் நீரிழிவு உண்டு. மேடையில் முழங்குகிறவன் நோயாளி என்று ஊர் அறியக் கூடாது என்ற செருக்கில் அதை மறைத்தே வாழ்ந்தேன். சகாயராசு ஒருவருக்குத்தான் அது தெரியும். அதனால் அவர் இருவருக்கும் சேர்த்தே ஆக்கிக்கொண்டு வருவார். கூட்டம் நடக்கும் ஊருக்கு ஒரு கல் தொலைவில், புளிய மரத்தடியில் மகிழுந்தை நிறுத்துவார். என் பங்கை நான் உள்ளே உட்கார்ந்தபடியே உண்பேன். "கண்ணாடிய ஏத்திக்கங்கண்ணா, யார்னா பாத்துறப் போறாங்க" என்று சிரிப்பார். பிறகு பந்தியில் நான் இரண்டு பிடி பிரியாணியைக் கிளறிவிட்டு எழுந்துவிடுவேன். பேச்சாளர் குறைவாக உண்டால், தொண்டையைக் காக்கிறார் என்று ஊர் நினைத்துக்கொள்ளும். சகாயராசு அப்படி நடிக்கவில்லை. எல்லாரும் காண, பந்தியில் உட்கார்ந்து, தம் சோற்றுத் தூக்கைத் திறந்து உண்டார்.

நம் கூட்டங்களின் முறை உங்களுக்குத் தெரியும். பேச வந்தவரையும் உடன் வந்தவரையும் உட்கார வைத்து, ஊரார் தம் கையால் பரிமாறாமல் அனுப்ப மாட்டார்கள். எளாவூரில் நிலமும் நெல்லும் உள்ள ஒருவர் வீட்டில் அப்படித்தான் விருந்து. வீட்டுக்காரர் கேட்டார், "எங்க ஊட்டுச் சோறு ஆவாதா சகாயம்?"

"ஒடம்புக்கு ஆவாதுங்க. மோரு குடுங்க, குடிக்கறேன்." கொடுத்தார்கள். குடித்தார். அதோடு முடிந்திருக்க வேண்டியது அது. ஆனால் கை கழுவும் இடத்தில் வீட்டுக்காரர் என்னிடம் முணுமுணுத்தார்: "பக்கத்துல உக்கார வெச்சும் இப்டிப் பண்றாரேய்யா."

அந்தச் சொல்லின் உள்ளே என்ன இருந்தது என்று விளக்க வேண்டியதில்லை. சகாயராசுவின் தந்தை, அதே போன்ற வயல்களில் கூலிக்கு நாற்று நட்டவர். அவருக்குச் சோறு கொல்லைப்புறத்தில்தான் வைக்கப்பட்டது. நானோ நெல் விளையும் நிலமுள்ள வீட்டில் பிறந்தவன். எளாவூர்க்காரருக்கு அங்கேயே பதில் சொல்லியிருக்க வேண்டியவன் நான். சொல்லவில்லை. அவருடைய மனத்தாங்கலை எடுத்துக்கொண்டு போய்ப் பொன்னேரி மேடையில் நகைச்சுவையாக்கினேன்.

அன்றைய தலைப்பே உணவுதான். கம்பையும் கேழ்வரகையும் ஒரு மணி நேரம் புகழ்ந்தேன். கூட்டம் சற்றுச் சோர்ந்தது. முடிக்குமுன் ஒரு சிரிப்பு வேண்டும் என்று என் நாக்கு அரித்தது. முன்வரிசையில் மடியில் சோற்றுத் தூக்கு வைத்த துணிப்பையோடு அவர் உட்கார்ந்திருந்தார். "எல்லாரும் ஒரே பந்தியில் உட்கார வேண்டும் என்று நம் முன்னோர் அடிபட்டுப் போராடினார்கள். இன்று பந்தியில் உட்கார வைத்து இலை போட்டால், நம் தோழர் சகாயராசு பையைத் திறக்கிறார். அன்று நிலக்காரர்கள் இவர் வீட்டாரோடு உண்ண மறுத்தார்கள். இன்று இவர் அவர்களோடு உண்ண மறுக்கிறார்" என்றேன்.

மண்டபம் அதிர்ந்தது. சிரிப்பு அடங்க நெடுநேரம் ஆயிற்று. என் பேச்சு வாழ்வில் அவ்வளவு கைதட்டல் பெற்ற சொற்கள் சிலவே. தோழர்களே, உங்களில் பலர் அன்று அங்கே கைதட்டினீர்கள். குற்றம் உங்களுடையதன்று. அன்று காலை அந்தப் பையிலிருந்த சோற்றில் என் பங்கை உண்டுவிட்டுத்தான் நான் மேடையேறினேன் என்பது உங்களுக்குத் தெரியாது. எனக்கும் அவருக்கும் மட்டுமே தெரியும்.

அவர் அதை வெளியிட ஒரு சொல் போதும். வெளியிடவில்லை. மதியம் பந்தியில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பை மகிழுந்திலேயே இருந்தது. பிரியாணி வைத்தார்கள். "எல போட்டாச்சு. துன்னுட்டுப் போலாம்ணா" என்றார். இன்னொரு முறை வைத்தபோதும் மறுக்கவில்லை.

அன்று தொடங்கி, ஞாயிற்றுக்கிழமைகளில் நடந்த ஒவ்வொரு கூட்டத்திலும் அவர் விருந்தே உண்டார். உண்ணாவிட்டால், தந்தை தலைமுறை வென்று தந்த இடத்தை மகன் உதறுகிறான் என்று ஆகிவிடும். அவருடைய சோற்றுக்கு அப்படி ஒரு பொருளை நான் ஏற்றிவைத்துவிட்டேன். பேச்சு ஆலைக்கும் போய்ச் சேர்ந்தது. "இன்னாபா, பந்தி வேணாம்னவரே, எங்களோட டீயாவது சாப்புடுவியா?" என்று கேட்டுச் சிரித்தார்களாம். கொட்டகையோரத்து எட்டுப் பேர் நால்வராகி, பிறகு யாருமில்லாமல் போயினர். அவரும் உணவகத்திற்கே திரும்பினார். புளிய மரத்தடியில் மகிழுந்து நிற்பதும் நின்றது. ஏன் என்று அவரைக் கேட்க எனக்குத் துணிவில்லை. குறைந்த மாத்திரை மீண்டும் கூடியது. மாலையில் கால்கள் வீங்கின.

இறப்பதற்கு இரண்டு மாதங்களுக்கு முன் மூன்று நாள் மருத்துவமனையில் கிடந்தார். வீடு திரும்பும் வழியில் நான்தான் உடன் இருந்தேன். அன்று முதன்முறையாக அந்தப் பேச்சை எடுத்தேன். பொன்னேரியில் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது, பொறுத்துக்கொள்ளுங்கள் என்றேன்.

"மேடைல சொன்னத கார்ல வந்து வாபஸ் வாங்கறீங்களேண்ணா" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். பிறகு, சிரிப்பில்லாமல், "எங்கப்பாலாம் ஒண்ணா உக்காரத்தான சண்ட போட்டாங்க? ஒரே மாதிரி துன்னணும்னா போட்டாங்க?" என்றார்.

அடுத்த மேடையில் எல்லார் முன்னும் சொல்கிறேன் என்று வாக்களித்தேன். "சொன்னா நல்லாத்தான் இருக்கும். பசங்க மறுபடி ஊட்டுச் சோறு எடுத்தாருவாங்க" என்றார். எனக்காகவாவது சொல்லுங்கள் என்று அவர் கேட்கவில்லை. கொட்டகையோரத்துத் தோழர்களுக்காகவே கேட்டார்.

அடுத்த மேடை வந்தது. திருவள்ளூரில் பெருங்கூட்டம். பேச்சு நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தி என் பிழையைச் சொன்னால் ஓட்டம் கெடும் என்று தள்ளிவைத்தேன். அதற்கடுத்த மேடையிலும் தள்ளிவைத்தேன். இரண்டு முறையும் அவர் முன்வரிசையில் இருந்தார். இரண்டாம் முறை இறங்கி வந்தபோது, "பேச்சு நல்லா இருந்துச்சுண்ணா. தொண்ட கட்டின மாதிரி இருந்துது, வெந்நி குடிங்க" என்றார். மூன்றாவது மேடைதான் கடம்பத்தூர்.

அவருடைய இறப்புக்கு மருத்துவர்கள் பல காரணங்களைச் சொல்லக்கூடும். உலைச் சூடு, இரவுப் பணி, குடும்ப வழி நோய். அவை எவற்றையும் நான் மறுக்கவில்லை. என் பங்கை மட்டும் சொல்கிறேன். இதயம் தாங்காது என்று மருத்துவர் எச்சரித்த மனிதர் தம்மைக் காத்துக்கொள்ள எளிய வழி ஒன்றைத் தாமே கண்டுபிடித்து, அதில் ஈராண்டு நடந்து காட்டினார். அந்த வழியைச் சிரிப்புக்கிடமாக்கி அடைத்தவன் நான்.

அடக்கம் முடிந்த மாலை அமலியிடம் இதையெல்லாம் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "உங்க மேல அவருக்குக் கோவம்லாம் இல்லண்ணா" என்றார். நான் ஆறுதலடையுமுன் தொடர்ந்தார்: "ஆனா ஞாயித்துக்கெழமன்னா காலைலேர்ந்தே ஒரு மாதிரி இருப்பாரு. இன்னிக்கும் துன்னணுமேம்பாரு. போவாதய்யாம்பேன். அண்ணன் தனியா எப்டிப் போவாரும்பாரு."

முப்பதாம் நாள் வழிபாட்டிற்குப் பின் வந்த ஞாயிற்றுக்கிழமை, பொன்னேரியில் அதே மண்டபத்தில் ஒலிவாங்கியின் முன் நின்றேன். "சகாயராசுவின் சோற்றுத் தூக்கைப் பற்றி நான் இங்கே ஒன்று சொன்னேன்" என்று தொடங்கினேன். நான் முடிப்பதற்குள் பின்வரிசைகளில் சிலர் சிரித்துவிட்டார்கள். அவர் பெயரையும் சோற்றையும் சேர்த்துச் சொன்னால் சிரிக்க வேண்டும் என்று அவர்களைப் பழக்கியிருந்தேன். சிரிப்பு ஓய்ந்தபின், என் நோயையும், புளிய மரத்தடியையும், அவர் சரியாகச் செய்ததையும், நான் செய்த தவற்றையும் சொன்னேன். யாரும் கைதட்டவில்லை. அங்கே வராதவர்களுக்காக அதையே இங்கே எழுத்தில் வைக்கிறேன். கேட்க வேண்டியவர் கேட்கவில்லை. அந்தக் குறையை எந்த எழுத்தாலும் நிரப்ப இயலாது.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது காலை நேரத்து அடுப்பு வேலைதான். இப்போது நானே ஆக்குகிறேன். சுரைக்காய் ஒருநாள் குழைகிறது, மறுநாள் வேகாமல் நிற்கிறது. கூட்டத்திற்கு அழைப்பவர்களிடம் முன்னதாகவே சொல்லிவிடுகிறேன்: எனக்கு நீரிழிவு இருக்கிறது, என் சோற்றை நான் கொண்டு வருவேன், உங்கள் பந்தியில் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து அதை உண்பேன். ஒரு மணி நேரம் தங்குதடையின்றிப் பேசுகிறவனுக்கு இந்த ஒரு வரியைச் சொல்ல நாக்கு கூசுகிறது. அவருக்கும் எளாவூரில் கூசியிருக்கும், ஆனாலும் சொன்னார். இதைக் கேட்டபின் இரண்டு ஊரார் என்னைத் திரும்ப அழைக்கவில்லை. அந்த இரண்டு ஞாயிறுகளும் வீட்டில் இருந்தேன். கேழ்வரகு அடை சுட்டேன். பாதி கருகிவிட்டது. உண்டேன்.