என் கடை வழியே போன மூக்கு லாரி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தனம் அக்காவின் சாவுக்கு நான் பாதி மீசையோடு போனேன். ஒரு பக்கம் கறுப்பு, மறுபக்கம் வெள்ளை. சலூனில் உட்கார்ந்து சாயம் பூசிக்கொண்டிருந்தபோதுதான் அவர் மகன் செல்வத்திடமிருந்து போன் வந்தது. "மாமா, அம்மா மத்தியானம் சாப்ட்டுட்டுப் படுத்துச்சு. எய்ந்துக்கல மாமா." கழுத்தில் கட்டிய துணியோடு அப்படியே ஓடினேன். மாலையும் கையுமாக நான் உள்ளே நுழைந்ததும், அழுதுகொண்டிருந்த பெண்கள் ஒரு நொடி நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். அக்காவுக்கு மட்டும் உயிர் இருந்திருந்தால், "இன்னாடா டியூபு, பாதில பெயிண்டு தீந்துபோச்சா?" என்று கேட்டு ஊரையே சிரிக்க வைத்திருப்பார்.

என் பெயர் மாணிக்கம். ஆனால் பஞ்சர் கடைக்காரனுக்கு அக்கா வைத்த பெயர் டியூபு. அவர் வைத்த பெயரைத் தாசில்தார் வந்தாலும் மாற்ற முடியாது. அது உங்களுக்கே தெரியும். உங்களில் பலருக்கும் அவர்தான் பெயர் வைத்தார்.

இருங்காட்டுக்கோட்டையில் ஃபேக்டரிகள் வரிசையாக வந்த அந்த நாட்களில், தன் இடத்தில் வரிசையாக அறைகள் கட்டி வாடகைக்கு விட்டிருந்தார் அக்கா. தெற்கேயிருந்து வேலைக்கு வந்த பையன்கள்தான் குடித்தனம். கேட்டை ஒட்டி என் தகரக் கொட்டகை. அதன் முன்பக்கம் ரோட்டைப் பார்த்து முழுக்கத் திறந்திருக்கும். செங்கல் பின்சுவருக்கு அந்தப் பக்கம் அக்காவின் வாசல். அந்த வாசலின் நடுவில்தான் லாரி நின்றது.

நீண்ட மூக்கு வைத்த, பெட்ரோலில் ஓடும் லாரி. யுத்த காலத்தில் பட்டாளத்துக்காகக் கப்பலில் வந்து, ஏலத்தில் போய், கைமாறிக் கைமாறி அக்காவின் வீட்டுக்காரரிடம் வந்து சேர்ந்தது. எத்தனையோ வண்டிக்கு டயர் கழற்றியிருக்கிறேன், அந்த ரகத்தில் இன்னொன்றை நான் பார்த்ததில்லை. அவர் என்ஜினை இறக்கிப் பாகம் பாகமாகப் பிரித்து வைத்திருந்த சமயத்தில் காய்ச்சலில் போய்விட்டார். அதற்கப்புறம் மூக்குக்குள் கோழி முட்டையிட்டது. செல்வம் கம்பெனி ஷிஃப்ட் பஸ் ஓட்டுபவன். லாரி நிற்கும் இடத்தில் இன்னும் இரண்டு அறை கட்டலாம் என்று வெகுநாளாகக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான். ஒருநாள் என் எதிரிலேயே சொல்லிவிட்டான்.

"ஆயுத பூஜைக்குள்ள இது தன் காலால ரோட்டுக்குப் போவணும். இல்லன்னா வெட்டி இரும்புக்குப் போட்ருவேன். அப்புறம் அழக்கூடாது."

"சரிடா" என்றார் அக்கா.

அவன் போனதும் நான் கேட்டேன். "உனுக்கு லாரியப் பத்தி இன்னாக்கா தெரியும்?"

"ஒன்னும் தெரியாது. உங்க மாமா பாதில வுட்டுட்டுப் போச்சு. அது தெரியும்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை குடித்தனக்காரப் பையன்களை எல்லாம் வாசலில் உட்கார வைத்துக் குழம்பு ஊற்றினார். நீங்கள் எல்லாம் வண்டி செய்கிறவர்கள்தானே, இதைச் செய்யுங்கள் என்றார். பையன்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். திருநெல்வேலிப் பக்கத்து இசக்கிதான் வாயைத் திறந்தான். "எக்கா, நான் மூணு வருசமா வலது கதவு மட்டுந்தான் மாட்டுதேன். எடது கதவ யாரு மாட்டுதான்னுகூடத் தெரியாது." இன்னொருவன் முன்கண்ணாடிக்குப் பசை தடவுகிறவன். மற்றொருவன் சக்கரத்துக்கு நட்டு முறுக்குகிறவன். ஒரு முழு என்ஜினைக் கையால் தொட்டவன் அங்கே ஒருவனும் இல்லை. நான் வயிறு குலுங்கச் சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை. "நீ வலது கதவு. நீ கண்ணாடி. நீ நட்டு. உங்கள எல்லாம் சேத்தா ஒரு வண்டி வருதுல்ல?" என்றார். அன்றோடு பையன்களின் சொந்தப் பெயர்கள் போயின. நானும் சிரிப்பை நிறுத்தினேன், ஏனென்றால் "டயரு உன்னுது" என்று என் பக்கம் கையை நீட்டிவிட்டார்.

அவர் போட்ட சட்டம் ஒன்றே ஒன்று. "அந்த வண்டி தன் வயசுல கண்ணால பாக்காத சாமான் அதுக்குள்ள போவக்கூடாது." கண்ணாடி ஆசையாக ஒரு புது எலெக்ட்ரிக் ஹாரன் வாங்கிவந்து மாட்டினான். அக்கா ஒருமுறை அழுத்திப் பார்த்தார். "தாத்தா வாய்ல பேரன் பேசறான். கயட்டு." ரப்பர் பந்து வைத்த பழைய ஹாரன் கிடைக்கும்வரை லாரி ஊமையாகவே இருந்தது. காலுக்குத் தோதாக இடது பக்கம் ஒரு படி மட்டும் புதிதாகக் கேட்டார். அதற்கும் அந்தக் காலத்து லாரிப் பட்டையைத் தேடிப் பிடித்துத்தான் அடிக்கச் சொன்னார். பிரித்துக் கிடந்த என்ஜினைப் பையன்கள் ஞாயிறுதோறும் மாட்டிப் பார்த்தும் கழற்றிப் பார்த்தும் ஒன்றுசேர்த்தார்கள். மரப் பாடி பழைய தடத்தின்படியே, வாசலில் வைத்தே கட்டப்பட்டது. அகலமான பாடி.

கார்புரேட்டர் கதையை நான் பலரிடம் சொல்லியிருக்கிறேன். யாரும் நம்பவில்லை, ஆனால் அது நடந்தது. உடைந்த கார்புரேட்டரைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, பழைய வண்டிச் சாமான் விற்கும் புதுப்பேட்டைக்கு பஸ் ஏறினார். துணைக்கு நான். பஸ் முழுக்கப் பெட்ரோல் வாடை. கண்டக்டர் வந்து நின்றார்.

"இன்னாம்மா அது மடில?"

"கொயந்த."

"நாறுதே."

"உடம்பு செரியில்ல. டாக்டராண்டதான் இட்டுகினு போறேன்."

கண்டக்டர் துணியை விலக்கிப் பார்த்தார். "உசுரு கீதா?" என்றார். "அதத் தெரிஞ்சிக்கத்தான் போறேன்" என்றார் அக்கா. கண்டக்டர் டிக்கெட் கேட்காமலே நகர்ந்துவிட்டார்.

கடைக்காரர்கள் எல்லாரும் பொருந்தக்கூடிய புதுசைக் காட்டினார்கள். அக்கா ஒவ்வொன்றையும் கையில் எடுத்து, பிள்ளையின் முகத்தைப் பார்ப்பதுபோல் பார்த்து, திருப்பிக் கொடுத்தார். இப்படிப் பல நடை. கடைசியில் ஒரு சந்துக் கடையில், காற்றுக்குக் கதவு சாத்திக்கொள்ளாமல் இருக்க ஒரு பழசை முட்டுக் கொடுத்து வைத்திருந்தார்கள். நான் அதைத் தாண்டிப் போய்விட்டேன். அக்கா அங்கேயே உட்கார்ந்துவிட்டார். மடியில் இருந்ததையும் அதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். இரட்டைப் பிள்ளைகள்.

ஆயுத பூஜையன்று காலை லாரிக்குச் சந்தனம் வைத்து, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தாகிவிட்டது. நட்டு முன்னால் போய் ஹேண்டிலைச் சுற்றினான். இருமியது. இன்னொரு சுற்று. இருமியது. அப்புறம் அது பேச ஆரம்பித்தது பாருங்கள்! இப்போதைய வண்டிகள் மாதிரி அவசரமே இல்லை. வயிற்றிலிருந்து நிதானமாக வந்த சத்தம். தரை அதிர்ந்து என் செருப்புக்குள் ஏறியது. பையன்கள் கத்துவார்கள் என்று நினைத்தேன். ஒவ்வொருவனும் தான் மாட்டிய இடத்தில் கையை வைத்துப் பார்த்தான். இசக்கி மட்டும் மெதுவாகச் சொன்னான். "நாம மாட்டுனது ஓடுத சத்தத்த இப்பத்தாம்ல கேக்கேன்."

அப்போதுதான் செல்வம் கையைக் கட்டிக்கொண்டு, "கேட்டப் பாத்தீங்களா?" என்றான்.

பார்த்தோம். அறைகள் கட்டியபோது செல்வம் கேட்டையும் குறுக்கிக் கட்டியிருந்தான், தூணுக்கு மேலேயும் ஒரு அறை ஏற்றியிருந்தான். லாரியின் பாடி கேட்டைவிட அகலம். அவனவன் அவனவன் வேலையைத்தான் பார்த்தான். கதவை அளந்தோம், கண்ணாடியை அளந்தோம், டயரை நானே அளந்தேன். கேட்டை அளக்க ஒருவனுக்கும் தோன்றவில்லை.

"பாடிய மட்டும் கழட்டிட்டு வெளிய கொண்டாந்து மறுபடி மாட்டிரலாம்க்கா" என்றான் கண்ணாடி.

"மறுபடியும் பாதியா?" என்றார் அக்கா. கேட்டைப் பார்த்தார். தூணுக்கு மேலிருந்த அறையைப் பார்த்தார். பிறகு என் கடையின் பின்சுவரைப் பார்த்தார்.

"டியூபு, உன் கம்ப்ரஸர அந்தாண்ட நகத்து."

"அக்கா, அது என் கட."

"கட உன்னுது. செவுரு என்னுது."

கடப்பாரையை எடுத்து முதல் போடு அவரே போட்டார். செங்கல் உள்பக்கம் விழுந்தது. பையன்கள் பாய்ந்தார்கள். நான் முதுகு சாய்த்து வியாபாரம் செய்த சுவர் டீ ஆறுவதற்குள் இல்லாமல் போனதை நான் நின்று பார்த்தேன். உண்மையைச் சொன்னால், நானும் நாலு செங்கல் எடுத்துப் போட்டேன்.

அடுத்து, யார் ஓட்டுவது? பையன்களில் ஒருவனுக்கும் ஓட்டத் தெரியாது. அக்கா மகனைப் பார்த்தார். "நீதானடா டிரைவரு. வெட்டறதுன்னாலும் ரோட்டுக்குக் கொண்டாந்து வெட்டு. ஏறு."

செல்வம் ஏறினான். அக்கா தன் புதுப் படியில் கால் வைத்து மறுபக்கம் ஏறினார். எலுமிச்சம்பழம் நசுங்கியது. நீல லாரி, சுவர் இருந்த இடம் வழியாக என் கடைக்குள் நுழைந்து, கூரைத் தகரத்தை உரசிக்கொண்டு, தொங்கிய டியூப்களை ஒதுக்கிக்கொண்டு, முன்பக்கமாக ரோட்டுக்கு வந்தது. ஷிஃப்ட் பஸ்கள் நின்றன. ஷேர் ஆட்டோக்கள் நின்றன. அக்கா பந்து ஹாரனை அமுக்கினார். சுங்குவார்சத்திரம் வரை போய்த் திரும்பி வந்தார்கள். இறங்கியபோது செல்வத்தின் முகம் வேறாக இருந்தது. "கியர் போடறப்ப அப்பா சத்தம் வருதும்மா" என்றான். அதற்கப்புறம் வெட்டுகிற பேச்சை அவன் எடுக்கவேயில்லை. போன மாதம் அம்மாவைக் கடைசியாக அதில் ஏற்றிக்கொண்டு போனவனும் அவன்தான். அன்றைக்கும் லாரி ஒரே சுற்றில் பேசியது.

பதினாறாம் நாளன்று பையன்கள் எல்லாம் வந்திருந்தார்கள். பாதிப் பேர் இப்போது வேறு வேறு ஊரில் வேலை. இசக்கி ஒரகடத்தில் சூப்பர்வைசர். அவனுக்குக் கீழே வேலை செய்பவர்கள் அவனை "சார்" என்கிறார்களாம். நாங்கள் வலது கதவு என்றுதான் கூப்பிட்டோம். உடனே திரும்பிப் பார்த்தான்.

அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியவை இரண்டு. ஒன்று, கூரைத் தகரத்தில் லாரி உரசிப்போன நீலக் கோடு. அதன் மேல் நான் பெயிண்ட் அடித்ததில்லை, அடிக்கவும் மாட்டேன். மற்றொன்று, இல்லாத அந்தச் சுவர். "தீபாவளிக்குள்ள கட்டித் தரேன்டா" என்று சொன்னார். எந்தத் தீபாவளி என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. காலையில் கடை திறந்ததும் அந்த இடைவெளி வழியாக லாரியின் மூக்கும், அதைத் துடைத்துக்கொண்டிருக்கும் அக்காவும் தெரிவார்கள். இப்போது மூக்கு மட்டும் தெரிகிறது. செல்வம் சுவர் கட்டித் தருகிறேன் என்றான். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

சென்ற வாரம் நல்ல மழை. அந்த இடைவெளி வழியாகத் தண்ணீர் உள்ளே வந்து கம்ப்ரஸர் மோட்டார் எரிந்துவிட்டது. இப்போது கைப் பம்பில்தான் காற்று அடித்துக்கொண்டிருக்கிறேன். லாரி டயர் என்றால் கொஞ்சம் நேரமாகும். முன்கூட்டியே சொல்லிவிட்டு வரவும்.