மரியநாயகம் எழுதிய பதினோராம் அத்தியாயம்

இலங்கை மலையகத்தில் புத்தகம் எழுதிப் பெயரெடுத்தவர்கள் கொஞ்சப் பேர்தான். அவர்களில் ஒருவர், வட்டகொடைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தின் கீழ்ப் பிரிவில், தொழிலாளர் வரிசைவீடான லயத்தில், ஒழுகுகிற ஒற்றையறைக் காம்பராவில் இருந்தார் என்றால் வெளியூர்க்காரர்கள் நம்பமாட்டார்கள். அவர்தான் மரியநாயகம். தொழிற்சங்கத் தலைவருக்குக் காரியதரிசியாகச் சேர்ந்து, தலைவர் மந்திரியான பிறகும் நிழல்போல அலைந்தவர். கொழும்பில் வீடு எடுத்துத் தருகிறேன் என்று தலைவர் சொன்னபோதும், "நம்ம சனத்தோடயே இருந்துக்கிறேங்க" என்று மறுத்துவிட்ட, பிழைக்கத் தெரியாத மனுஷன்.

தலைவர் செத்த பிறகு அவருடைய வாழ்க்கையை எழுதினார். இன்றைக்கும் மேதின மேடைகளில் அதிலிருந்துதான் எடுத்து விளாசுகிறார்கள். பிள்ளைகள் பேச்சுப்போட்டிக்கு அதைத்தான் மனப்பாடம் பண்ணுகிறார்கள். நல்ல புத்தகம், சந்தேகமே வேண்டாம். தலைவரின் இருமல்கூடக் காதில் விழும்படி எழுதியிருந்தார்.

பதினோராம் அத்தியாயம் மட்டும் பொய்.

நடந்தது இதுதான். தலைவர் சாவதற்குக் கொஞ்சநாள் முன்பு கீழ்ப் பிரிவுக்கு வந்து வீடுகளுக்கு அடிக்கல் நாட்டினார். அப்போதே நோயாளி. வீடு குடிபோகும்போது தன்னால் வர முடியாது என்று தெரிந்தோ என்னவோ, "இப்பவே பாலைக் காச்சிருங்கம்மா, கண்ணால பாத்துட்டுப் போறேன்" என்றார். தரையில் சுண்ணாம்பால் கோடு கிழித்திருந்த ஒரு வீட்டுக்கு நடுவில், கொழுந்து எடுக்கிற அம்மாக்கண்ணு மூன்று கல்லைக் கூட்டிப் பால் காய்ச்சினாள். பால் பொங்கியது, குலவை போட்டார்கள், தப்பு மேளம் அடித்தார்கள். அதற்குப் பிறகு அங்கே ஒரு செங்கல் விழவில்லை.

மரியநாயகம் மட்டும் வீடுகளைக் கட்டி முடித்துவிட்டார், காகிதத்தில். தலைவரின் கடைசிக் காரியத்தை அரைகுறையாக விட அவருக்கு மனம் வரவில்லை. பால்தான் காய்ச்சியாயிற்றே, புத்தகம் அச்சாகி வருவதற்குள் வீடும் வந்துவிடாதா என்று நினைத்தார். பாழாய்ப்போன பாசம். வேறு எதுவும் இல்லை.

போன வருஷ மழையில் லயத்துக்குப் பின்னால் மலை வெடித்தது. முதலில் விரல் நுழைகிற வெடிப்பு, பிறகு கால் நுழைகிற வெடிப்பு. அம்மாக்கண்ணுவின் புருஷன் அழகுமுத்துவும் மரியநாயகமும் ஹட்டன் சங்க ஆபீசுக்குப் போய், அரசாங்க வீட்டுத் திட்டத்தில் தங்கள் பிரிவையும் சேர்க்கச் சிபாரிசு கேட்டார்கள். செயலாளர் சுதாகரன் நாற்காலி போட்டு, டீ வரவழைத்துக் கொடுத்தான்.

"கீழ்ப் பிரிவுக்குத்தான் தலைவரே வீடு குடுத்துட்டாருங்களே ஐயா. நீங்கதானே எழுதியிருக்கீங்க?"

"அது பொய் தம்பி. பால்தான் காச்சுனோம். வீடு கட்டவே இல்ல. வந்து பாருங்க."

சுதாகரன் எழுந்து போய்க் கதவைச் சாத்தினான். "எனக்குத் தெரியாதுங்களா? எலெக்சன் வருது. வீடு இல்லன்னு நாங்களே எழுதிக் குடுத்தா, தலைவர் ஏமாத்திட்டாருன்னு மத்தவங்க ஊர் ஊரா சொல்லுவாங்க. உங்களுக்கே அது தாங்குமா?"

மரியநாயகம் டீயை எடுத்துக் குடித்தார். அழகுமுத்து டீயைத் தொடாமல் எழுந்துவிட்டான்.

தலைவரின் நினைவு நாள் வந்தது. "இந்தாங்க, இன்னைக்காவது சொல்லிருங்க" என்று மரியநாயகத்தின் மனைவி டோரீன் சட்டையைத் தேய்த்துக் கொடுத்தாள். மேடையில் மாலை போட்டார்கள். மைக்கைக் கையில் வாங்கியதும் சொல்லிவிட்டார், கோவையில்லாமல்: அந்த வீடுகள் இல்லை, நான் எழுதியது பொய், எங்கள் சனம் மலைக்கு அடியில் கிடக்கிறது.

சங்கத்துக்காரர்கள் தடுத்திருந்தால்கூட அவர் மனம் ஆறியிருக்கும். தடுத்தது சனம். தோட்டந்தோட்டமாக லாரியில் வந்திருந்த சனம். தலைவர் படத்தைச் சாமிப் படத்தோடு மாட்டி வைத்திருக்கும் சனம்.

"தலைவர் சோத்தத் தின்னுட்டு எப்பிடிய்யா ஒனக்கு வாய் வருது?" என்று ஒரு பொம்பளை அழுதுகொண்டே கத்தினாள். "தலைவரு புஸ்தகத்துலயே இருக்குய்யா, போய்ப் படி!"

பெரியவருக்கு வயசாகிவிட்டது என்று சொல்லி, சுதாகரன் அவரைக் கைத்தாங்கலாக இறக்கிவிட்டான். எழுதியபோது நம்பினார்கள், இல்லை என்றபோது நம்பவில்லை. அவ்வளவு நன்றாக எழுதித் தொலைத்திருந்தார்.

அடுத்த மழையில் மலை இறங்கியது. பட்டப்பகல். கொழுந்தை எடை போட்டுவிட்டு, சோறு தின்ன வந்திருந்த அம்மாக்கண்ணு, லயத்துக் கடைசியில் இருந்த தன் தொங்கல் காம்பராவோடு மண்ணுக்குள் போய்விட்டாள். மரியநாயகத்தின் காம்பரா லயத்தின் மறுபக்கத்தில் இருந்தது. அதற்கு ஒன்றும் ஆகவில்லை. ஆகியிருக்கலாம் என்று அவர் ஆசைப்பட்டார்.

அடக்கம் முடிந்து எல்லோரையும் பள்ளிக்கூடத்தில் தங்க வைத்தார்கள். அழகுமுத்து அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். திட்டுவான், அடித்தாலும் அடிப்பான் என்று மரியநாயகம் காத்திருந்தார். அவன் சாதாரணமாகத்தான் கேட்டான்.

"நாயகம் அண்ணே, எனக்குப் படிக்கத் தெரியாது. அவ பால் காச்சுனாளே, அந்த வீட்ட எப்பிடி எழுதியிருக்கீங்க?"

மரியநாயகம் துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"சொல்லுங்கண்ணே."

"முன்னால ஒரு வாசல். ரெண்டு சன்னல். பின்னால சமைக்கக் குசினி."

"மலை?"

"மலை ரொம்பத் தூரத்துல இருக்கு" என்றார் மரியநாயகம்.