ஏரிக்கரையில் மூன்றுகால் ஸ்டாண்டு

பேட்டரி, கார்டு, லென்ஸ் துடைக்கும் துணி எல்லாவற்றையும் சனிக்கிழமை மாலையே பையில் அதனதன் இடத்தில் வைத்துவிடுவது என் வழக்கம். இவ்வளவு ஒழுங்காகக் கிளம்பியும் நிம்மதியாக ஒரு படம் எடுக்க இந்தப் பக்கத்து ஜனங்கள் என்னை விட்டதில்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் கேமராவைத் தூக்கினால் காவலாளி வருவார். மேனாம்பேட்டில் என் தெருவிலேயே எந்த சேனல் என்று கேட்கிறார்கள்.

அதனால்தான் முத்தாபுதுப்பேட்டையைத் தாண்டி ஓர் ஏரிக்குப் போனேன். புள்ளிமூக்கு வாத்து ஒன்று குஞ்சுகளோடு திரிவதாக நண்பர் சொல்லியிருந்தார். கரையில் மூன்றுகால் ஸ்டாண்டை விரித்து, மட்டம் பார்த்து, கேமராவைப் பொருத்தி, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டேன். வாத்து கோரைக்குள்ளிருந்து தலையை நீட்டிய நேரம் பார்த்து லென்ஸுக்கு முன்னால் ஒரு புடவை வந்து நின்றது.

“இன்னா சார், அளந்துகினு கீறியா?”

கரையோரத்து முதல் வீட்டுக்கார அம்மா. பின்னால் அக்கம்பக்கத்தார் நாலைந்து பேர். கொஞ்ச நாளைக்கு முன் யாரோ இதேபோல் ஸ்டாண்டோடு வந்து, ஒற்றைக் கண்ணால் பார்த்து, வீடுகள் ஏரி நிலத்தில் இருப்பதாகச் சொல்லிச் சுவரில் சிவப்பு பெயின்டால் குறி வைத்துவிட்டுப் போனார்களாம். பிறகு காலி செய்யச் சொல்லி நோட்டீஸ். எனக்கும் கால் மூன்று, கண் ஒன்று. வேறு அத்தாட்சி அவர்களுக்குத் தேவைப்படவில்லை.

வாத்து என்றேன். ஒருவரும் நம்பவில்லை. திரையில் ஒவ்வொரு படமாகக் காட்டினேன். தண்ணீர், கோரை, வாத்தின் பின்பக்கம். வாத்துகூட சரியா வரலியே என்றார் ஒருவர்.

அந்த அம்மாவுக்குத்தான் சட்டென்று யோசனை வந்தது. மறுநாள் தாலுகா ஆபீசில் விசாரணை. வீடு பழசு என்று காட்டியாக வேண்டும். அவர் போனில் எடுத்தால் எல்லாம் கறுப்பாக வருகிறதாம். வாசலுக்குப் போய் பக்கெட்டை நகர்த்தச் சொல்லி, கொடித்துணியை எடுக்கச் சொல்லி, கோணம் பார்த்தேன்.

“முன்னால வேணாம் சார். பொண்ணு கல்யாணத்துக்குப் பெயின்ட் அடிச்சது, நேத்து கட்டுன மாதிரி கீது. பின்னால வா.”

பின்னால் ஒரு சந்து. வெயில் நேரே கண்ணில். ஸ்டாண்டின் ஒரு கால் சாக்கடைக்குள். சுவரில் மழைவெள்ளம் ஏறி இறங்கிய கறைகள் வரிவரியாக இருந்தன. வேப்பமரம் ஒன்று பருத்து, சுவர் மூலையைத் தன் உடம்புக்குள் இழுத்துக்கொண்டிருந்தது.

“மரம் செவுத்த முழுங்கிகினு கீது பாரு. இத எடு.”

எடுத்தேன். பாசியை எடு, விரிசலை எடு என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அதற்குள் பக்கத்து வீட்டாரும் தங்கள் சுவர்களைக் காட்ட அழைத்தார்கள். வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. ஏரிப் பக்கம் நான் திரும்பவே இல்லை.

வீட்டுக்கு வந்து, வழக்கம்போல் கம்ப்யூட்டரில் வெளிச்சம் கூட்டி, அழுக்கு தெரிந்த இடங்களைத் துடைத்து, சுத்தமாக அந்த அம்மாவின் போனுக்கு அனுப்பிவைத்தேன். மாலையில் அவரிடமிருந்து போன்.

“இன்னா சார் பண்ணி வச்சிக்கீற? செவுரு பளபளன்னு கீது. கறையெல்லாம் எங்க?”

இதைக் காட்டினால் போன வாரம் கட்டியது என்று இடித்துவிடுவார்கள், பிரின்டே போட்டுக் கொடுத்துவிடு என்றார். ஞாயிறு மாலையில் திறந்திருக்கும் ஸ்டூடியோவைத் தேடி ஆவடிவரை போனேன். எடுத்தபடியே இருந்த படங்களைக் கொடுத்ததும் கடைக்காரர் முகத்தைச் சுளித்தார்.

“ரொம்ப அழுக்கா இருக்கு சார். கொஞ்சம் க்ளீன் பண்ணிடட்டா?”

கைவைக்காதீர்கள் என்று நான் போட்ட சத்தத்தில் வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.