தமிழில் கத்தினால் யாருக்கு விளங்கும்?

என் மனுசன் சிவநேசம் கிழமை முழுக்க ஒரு களஞ்சியத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். மேலாளர் எதைச் சொன்னாலும் அங்கே பிரெஞ்சில் "வ்வி மெஸ்யூ" என்று தலையாட்ட வேண்டும். அடக்கிவைத்த கத்தல் எல்லாவற்றையும் சனிக்கிழமை மைதானத்தில் கொண்டுபோய்க் கொட்டுவார். பக்கத்தில் இருந்து காது செவிடாவது நான்.

எங்கள் மகள் வினோஜா பாடசாலைப் பெண்கள் ஃபிளாக் ஃபுட்போல் அணியின் குவாட்டர்பேக். பந்தை எறிகிறவள் அவள். ஓடிப்போய்ப் பிடிக்கிறவர்கள் ரிசீவர்கள். பந்தோடு ஓடுகிறவளின் இடுப்பில் தொங்கும் நாடாவை எதிரணி இழுத்துவிட்டால் அந்த ஓட்டம் அவ்வளவுதான். இது எனக்கு விளங்க ஒரு வருசம் எடுத்தது. சிவநேசமோ நாலு யூடியூப் வீடியோவைப் பார்த்துவிட்டுக் கோச்சுக்கே பாடம் எடுக்கக்கூடிய ஆளாகிவிட்டார், தன் நினைப்பில். அணி மட்டும் வரிசையாகத் தோற்றுக்கொண்டிருந்தது. இந்த ஆட்டத்திலும் தோற்றால் வினோஜாவை வெளியே இருத்திவிட்டு அதே அணியின் சஜிதாவைக் குவாட்டர்பேக் ஆக்கப்போவதாகக் கோச் சொல்லியிருந்தார். அன்று காலை பிள்ளை சாப்பாட்டைத் தொடவே இல்லை.

ஆட்டம் சென்ட் லோரன்ட்டில், எதிரணியின் மைதானத்தில். எங்களுக்குப் பக்கத்தில் வின்சன்ட். என் மனுசனோடு ஒரே களஞ்சியத்தில் வேலை செய்கிறவர், ஒரே பிளாஸ்கில் தேத்தண்ணி குடிக்கிறவர். அவருடைய மகள் அனோஜினி எங்கள் அணியின் ரிசீவர். தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே வினோஜா எறிந்த பந்தை அனோஜினி தவறவிட்டாள்.

"உன்ர மகள் கையில நல்லெண்ணெய் பூசிக்கொண்டே வந்தவள்?" என்றார் சிவநேசம்.

"அண்ணை, அது தலைக்கு மேலால போன பந்து. உங்கட பிள்ளை ஆருக்கு எறிஞ்சவள், காகத்துக்கோ?"

"கைக்குள்ள கொண்டுபோய்க் குடுத்தாலும் பிடிக்கத் தெரியாது, கதையைப் பார்!"

"ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் எண்டாளாம்."

முன்வரிசையில் இருந்த மனுசி திரும்பி, கொஞ்சம் அடங்கச் சொல்லி, "மெஸ்யூ, சில் வு ப்ளே" என்றாள். இரண்டு பேரும் "பர்தோன்" என்று மன்னிப்புக் கேட்டார்கள். கேட்டுவிட்டு இன்னும் உரக்கச் சண்டைபிடித்தார்கள். எனக்கு வந்த எரிச்சலுக்கு அந்தப் பிளாஸ்கை எடுத்து இரண்டு மண்டையிலும் போட்டிருப்பேன்.

இரண்டாம் பாதியில் சிவநேசம் எழுந்து கம்பிவேலிக்குப் போனார். "வினோஜா! இடப்பக்கம் பார்! அனோஜினியை ஒருத்தரும் மறிக்கேல்ல, அங்க எறி!"

"இஞ்சாருங்கோ, அவங்களுக்கும் கேக்குமல்லோ?" என்றேன்.

"கேட்டால் கேக்கட்டும். தமிழ் ஆருக்கு விளங்கப்போகுது?"

வினோஜா எங்களை ஒருமுறை பார்த்தாள். பிறகு இடப்பக்கம் எறிந்தாள். எங்கிருந்தோ எதிரணியின் நெட்டைப் பிள்ளை ஒருத்தி ஓடிவந்து, அனோஜினிக்கு முன்னால் பாய்ந்து பந்தைப் பிடித்துக்கொண்டு போய்விட்டாள். அடுத்தமுறை "வலப்பக்கம், கோட்டடியில!" என்று கத்தினார். அங்கேயும் அவள்தான் நின்றாள். அதற்குப் பிறகும் இந்த மனுசன் வாயை மூடவில்லை.

"எறியத் தெரியாத குவாட்டர்பேக்!" என்று வின்சன்ட் சொல்ல, "ஓடத் தெரியாத மாடு!" என்று இவர் அனோஜினியைச் சொல்லிவிட்டார். வின்சன்ட் இவருடைய சட்டையைப் பிடித்தார். நான் நடுவில் புகுந்திராவிட்டால் அன்று பொலிஸ்தான் வந்திருக்கும். அந்த இழுபறிக்குள் ஆட்டம் முடிந்தது. படுதோல்வி. கோச் எல்லார் முன்னாலும் சஜிதாவின் தோளைத் தட்டி, அடுத்த ஆட்டம் உன்னுடையது என்றார்.

நாங்கள் சாமான்களை எடுத்துக்கொண்டு நிற்கையில் அந்த நெட்டைப் பிள்ளை சிரித்துக்கொண்டு வந்தாள்.

"அங்கிள், நான் ரக்ஷனா. பெரிய தாங்க்ஸ் உங்களுக்கு. நீங்கள் சொல்லச் சொல்லத்தான் நான் அங்க அங்க ஓடினனான்."

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். இந்தத் தவளை பெற்ற பிள்ளையையும் சேர்த்தல்லவா கெடுத்தது! வின்சன்ட் அனோஜினியைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். சிவநேசம் முகம் கறுத்துப்போய் நின்றார். ஆனாலும் பிழையை ஒத்துக்கொள்கிற மனுசனா? மகளிடம் பாய்ந்தார்.

"தமிழ்ப் பிள்ளை ஒண்டு அங்க நிக்குது எண்டு உனக்குத் தெரியாதே?"

"தெரியும். முதல் பந்திலேயே தெரியும்."

"பிறகேன் நான் சொன்ன இடத்துக்கு எறிஞ்சனி? விசரே உனக்கு?"

வினோஜா சப்பாத்து நாடாவை அவிழ்த்துக்கொண்டே சொன்னாள். "எறியாட்டி வீடு போய்ச் சேருமட்டும் காருக்குள்ள கத்துவீங்கள். நான் சொன்னதைக் கேக்கேல்ல, நான் சொன்னதைக் கேக்கேல்ல எண்டு. அதைவிடத் தோக்கிறது பரவாயில்லை, அப்பா."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் இவர் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பார். ஆசையாசையாய்ப் பிடித்த இடத்தை, அப்பன் வாய்க்குப் பயந்து பிள்ளை தானே விட்டுக்கொடுத்திருக்கிறாள்.

சிவநேசம் கார்த் திறப்பை என்னிடம் நீட்டினார்.

"நீ ஓட்டு. நான் பஸ்ஸில வாறன்."

சனிக்கிழமையில் அங்கிருந்து எங்கள் வீடு இருக்கும் பியர்பொன்ட்ஸுக்கு பஸ்ஸில் வருவதென்றால் சீவன் போய்விடும். "விசர் வேலை பார்க்காமல் ஏறுங்கோ" என்று நான் சொல்லவில்லை. திறப்பை வாங்கிக்கொண்டேன். வினோஜா முன்சீட்டில் ஏறி இருந்து, சீட்டைப் பின்னால் சரித்து, வீடு வரும்வரைக்கும் நித்திரை கொண்டாள்.